நாலு விரல் தூரம்

மாடிப்படிக்குக் கீழிருந்த அறையில் ஜெயராஜ் முதல் ஆணியைப் பிடுங்கிவிட்டான். சுவரோடு ஒட்டியிருந்த தடித்த கம்ஃபர்ட்டர் பஞ்சுப் போர்வை ஒரு மூலையில் அவிழ்ந்து, அதிலிருந்த கரடிப் படம் தலைகீழாக மடங்கித் தொங்கியது. அடுத்த ஆணியைச் சுத்தியலால் நெம்பப் போனபோது மாதவி வாசலில் வந்து நின்றாள்.

"என்ன தம்பி பண்றீங்க?"

"ஹால்ல வயசானவங்கல்லாம் வெறுந்தரையில உக்காந்திருக்காங்க அண்ணி. இதுல ஆறு இருக்கு. இனிமே சும்மாதானே தொங்கப் போவுது, எடுத்து விரிச்சிடலாம்னு..."

"மறுபடி அடிங்க."

"அண்ணி?"

"எடுத்த எடத்துலயே அடிங்க. பாய் வேணும்னா பக்கத்து வீட்டு நாஜியா அக்காகிட்ட கேளுங்க. நெறைய வச்சிருப்பாங்க."

கணவனின் தம்பி அவள் முகத்தைப் பார்த்தான். நேற்று மாலையிலிருந்து அந்த முகத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் இறங்கவில்லை. அவன் வேறு பேசாமல் ஆணியை எடுத்து அதே ஓட்டையில் வைத்து அடித்தான். இரண்டு அடி விழுவதற்குள் ஹாலில் ஒரு பெண் அலறினாள். "அதுக்குள்ள பெட்டிய மூடுறாங்களா? இன்னும் வாய்க்கரிசியே போடலையே!"

"இல்லம்மா, இல்ல. இது வேற ஆணி" என்று யாரோ சமாதானம் சொன்னார்கள்.

ஹாலின் நடுவில், பெட்டிக்குள் மாதவியின் கணவன் கமலநாதன் படுத்திருந்தான். கல்யாண மேடைகளில் மைக் பிடிக்கும்போது போடும் சந்தன நிறப் பட்டுச் சட்டையை மகள் லோஷினிதான் தேடி எடுத்துக் கொடுத்திருந்தாள். தலைமாட்டில் அவன் அக்கா சீதாலெட்சுமி உட்கார்ந்திருந்தாள். செய்தி கிடைத்ததும் கேரி தீவிலிருந்து மாற்றுச் சேலைகூட எடுக்காமல் வந்தவள். ஒவ்வொரு ஆளாக உள்ளே வரும்போதும் அவள் முதலிலிருந்து சொன்னாள்.

"மூணு மணிக்கு அந்த ரூமுக்குள்ள போயிக் கதவச் சாத்துனவன்தான். மத்தியானம் மீன் கறி, நல்லாத்தான் சாப்பிட்டிருக்கான். நாலரைக்குத் தொறந்து பாத்தா கீழ கெடக்கான். உயிர் போயி ரொம்ப நேரம் இல்லன்னு ஆஸ்பத்திரில சொல்றாங்க. நாப்பத்தாறு வயசு. வீட்டுல ஆள் இருக்கு. ஒரு சத்தம் கேக்கலையாம்."

யாரையும் பார்த்து அவள் அதைச் சொல்லவில்லை. ஆனால் 'வீட்டுல ஆள் இருக்கு' என்ற இடத்தில் அவள் குரல் ஒரு கணம் நின்று போவதை மாதவி ஒவ்வொரு முறையும் கேட்டாள்.

"ஏன் மாதவி, அவன் உன்னக் கூப்பிடவே இல்லையா? ஒரு வாய் தண்ணி கேட்டிருப்பானே. எங்கப்பாவுக்கு உயிர் போறப்ப நான்தான் தண்ணி ஊத்துனேன். இவனுக்கு அதுகூட இல்லாமப் போச்சே."

"தெரியல அக்கா."

காலையிலிருந்து நான்காவது முறையாக அவள் சொன்ன பதில் அது. பொய்யில்லை. அவள் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இடையில் ஒரு கதவும் பத்தடித் தரையும்தான். அவன் கூப்பிட்டானா இல்லையா என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்வதற்குள் இந்தப் பெட்டி வாசலைத் தாண்டிவிடும்.

அந்த அறையை அவர்கள் இருவரும் சேர்ந்துதான் செய்தார்கள். மாடிப்படிக்குக் கீழே, பழைய துணியும் உடைந்த சைக்கிளும் கிடந்த ஸ்டோர் ரூம். கமலநாதனுக்குக் கிள்ளான் துறைமுகத்தில் சரக்குக் கம்பெனி ஒன்றில் கிளார்க் வேலை. சனி ஞாயிறுகளில் கல்யாண மண்டபங்களில் அறிவிப்பாளர். மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் அவன் குரலைக் கேட்டுவிட்டு, "விளம்பரத்துக்குப் பேசலாமே அண்ணே, வீட்டுலயே ரெக்கார்ட் பண்ணி அனுப்பிடலாம்" என்று சொல்லப்போக, அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். போனை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு மூன்று மாதம் வீடியோ பார்த்தான். ரெண்டாயிரம் வெள்ளிக்கு மேல் ஒரு காசு போகக் கூடாது என்று மாதவி சொல்லியிருந்தாள். அதற்குள் ஒரு ஸ்டூடியோவையே அடக்கிவிடப் பார்த்தான் அவன்.

லேப்டாப், லோஷினி கழித்துப் போட்ட பழசு. மைக்கை அதோடு இணைக்கும் சின்னப் பெட்டியை, பூச்சோங்கில் இசைக்குழுவைக் கலைத்துவிட்ட ஒருவரிடம் பாதி விலைக்கு வாங்கினான். 'ப' சொல்லும்போது மூச்சுக்காற்று மைக்கில் மோதாமலிருக்க, மகளின் பழைய காலுறையை எம்பிராய்டரி வளையத்தில் இழுத்துக் கட்டினான். வெளிச்சத்தம் புகாமலிருக்க, சுவர்களுக்கும் கதவுக்கும் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ஆறு கம்ஃபர்ட்டர். கரடிப் படம் போட்டதை யாரும் வாங்காததால் மலிவு.

"கரடிங்களுக்கு நடுவுல நின்னு நகைக்கடை விளம்பரமா?" என்று மாதவி சிரித்தாள்.

"ரேடியோல கரடி தெரியாது லா."

அவற்றை அடித்து முடித்த அன்று அவளை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து வியர்வை வழியத் திறந்தான்.

"கேட்டுச்சா?"

"என்னது?"

"உம் பேரச் சொல்லித் தொண்ட கிழியக் கத்துனேன். கேட்டுச்சா?"

"ஒண்ணுமே கேக்கலங்க."

பரிசு வாங்கியவன் போல நின்றான்.

பிறகு மைக் ஒன்றுதான் பாக்கி. பூடுவில் ஒரு கடையில், ஜுஹைர் என்ற விற்பனையாளர் ஏறக்குறைய ஒரே விலையில் இரண்டை எடுத்து வைத்தார். "இது ரூம்ல இருக்கிற அத்தனையும் கேக்கும் அண்ணே. இந்த இன்னொண்ணு, வாய்க்கு முன்னால நாலு விரல் தூரத்துல பேசுறத மட்டும்தான் கேக்கும். கொஞ்சம் தள்ளிப் போயிட்டீங்கன்னா அதுக்கு நீங்க இல்ல."

முதல் மைக்கில் கமலநாதனின் குரல் மண்டபத்தையே நிறைப்பது போல எழுந்தது. கூடவே கடையின் ஏர்கோன் இரைச்சலும், வாசலில் போன மோட்டார் சைக்கிளும், மாதவியின் வளையலும் கேட்டன. அவன் கண் அதைவிட்டு நகரவில்லை. மாதவிதான் சொன்னாள்: "நம்ம வீட்டுல குக்கர் விசிலு, மிக்சி, பின்னால ரயிலு. உங்களுக்காக நான் சமைக்காம இருக்கவா? ரெண்டாவத எடுங்க."

"அக்கா சொல்றது சரிதான் அண்ணே" என்றார் ஜுஹைர்.

"வீட்டுல அவங்க சொல்றது எப்பவுமே சரிதான்" என்று அவன் அதையே எடுத்துக்கொண்டான்.

அந்த அறைக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. சீனப் புத்தாண்டுக்கு முதலாளி பணம் வைத்துக் கொடுத்த சிவப்பு அங்பாவ் உறை, காலியானது, கதவுக் கைப்பிடியில் தொங்கினால் உள்ளே ரெக்கார்டிங் நடக்கிறது. தட்டக் கூடாது, திறக்கக் கூடாது.

நேற்றுதான் அவனுக்கு முதல் வேலை. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சேலைக் கடைக்கு, முப்பது வினாடித் தீபாவளி விளம்பரம். உறையைத் தொங்கவிட்டு உள்ளே போனான். ரேடியோவில் நாலு மணிச் செய்தி தொடங்கியபோது மாதவி டீயை வடிகட்டிக்கொண்டு வந்தாள். உறை தொங்கியது. கதவருகே கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய் டீயை மூடி வைத்தாள். பத்து நிமிடம் கழித்து வந்தாள். தொங்கியது. மூன்றாம் முறை வந்தபோது, ஆடை கட்டிய டீயை வீணாக்குவானேன் என்று அந்தக் கதவுக்கு எதிரிலேயே நின்று அவளே குடித்தாள். குடித்து முடித்த பிறகுதான், முப்பது வினாடிக்கு இவ்வளவு நேரமா என்று கதவைத் திறந்தாள்.

டீயைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"ம்மா."

லோஷினி தோளைத் தொட்டாள். செமினியில் தங்கிப் படிக்கிறவள். நேற்று எப்படி வந்து சேர்ந்தாள் என்று மாதவி இன்னும் கேட்கவில்லை.

"ஃபிரேமுக்கு அப்பா போட்டோ எடுக்கலாம்னு லேப்டாப்புகிட்ட போனேன்ம்மா." குரலைத் தாழ்த்தினாள். "அது நேத்துலேருந்து ரெக்கார்ட் ஆயிட்டே இருந்திருக்கு. யாரும் நிறுத்தல. சித்தப்பா இப்ப ஆணி அடிச்சதுகூட அதுல இருக்கு. நான் நிறுத்தி சேவ் பண்ணிட்டேன்."

மாதவி மகள் பக்கம் திரும்பினாள்.

"கேட்டியா?"

"இல்ல. தனியா முடியல. நீ வாம்மா."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் ஹாலின் அழுகையும் ஸ்பீக்கரில் ஓடிய தேவாரமும் வெட்டியது போல நின்றன. உள்ளே அவனுடைய வியர்வையும் தைலமும் கலந்த வாசனை இன்னும் இருந்தது. ஹெட்போனின் ஒரு பக்கத்தை மகளும் மறு பக்கத்தை அவளும் காதோடு வைத்துக்கொண்டார்கள். தலைகள் ஒட்டியிருந்தன. திரையில் ஒரு கோடு. பேசிய இடங்களிலெல்லாம் அது குன்று குன்றாகப் புடைத்திருந்தது.

"பதினெட்டு" என்றான் கமலநாதன்.

அவ்வளவு பக்கத்தில். மாதவி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தத் தீபாவளிக்கு, உங்கள் குடும்பத்தோடு வாருங்கள்." பிறகு மேடைக் குரலை விட்டுவிட்டு வீட்டுக் குரலில், "குடும்பத்தோடு... இழுக்குது. இன்னொண்ணு பாப்போம்." தண்ணீர் குடிக்கும் சத்தம். தொண்டையைச் செருமிக்கொண்டான். "பத்தொம்போது. இந்தத் தீபாவளிக்கு, உங்கள்..."

நாற்காலி உரசியது. அதற்குப் பிறகு குரல் இல்லை.

லோஷினி கோட்டை நகர்த்தினாள். தரை போலக் கிடந்தது. நகர்த்திக்கொண்டே போனாள். ஓரிடத்தில் மூன்று சின்னப் புடைப்புகள், அரிசி அளவுக்கு, அடுத்தடுத்து. அதன் பிறகு மறுபடி தரை. வெகுதூரம் தள்ளி, திரையின் உயரம் முழுக்க ஒரு கறுப்புத் தூண் நின்றது. அது மாதவி கதவைத் திறந்து கத்தியது. மகள் அதுவரை போகாமல் திரும்பி வந்து, புடைப்புகள் இருந்த இடத்தை ஓட விட்டாள். வெறும் இரைச்சல். இரைச்சலுக்கு அடியில் ஏதோ இருந்தது. பல சுவர்களுக்கு அப்பால் இருப்பது போல இருந்தது.

"இது எத்தன மணிக்கு?" என்றாள் மாதவி.

லோஷினி கணக்குப் பார்த்தாள். "நாலு மணி, ரெண்டு மூணு நிமிஷம் இருக்கும். ஏன்மா?"

முதல் தடவை கதவருகே நின்றபோது ஏந்தியிருந்த டீக்கோப்பையின் சூடு மாதவியின் உள்ளங்கையில் திரும்ப வந்தது.

"அந்த இன்னொரு மைக்கா இருந்தா இது கேட்டிருக்கும், இல்ல?"

லோஷினி ஹெட்போனைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "வால்யூம ஏத்திப் பாக்கவாம்மா? தெரிஞ்சாலும் தெரியும்" என்றாள்.

மாதவி விரலை நீட்டித் திரையில் அந்த மூன்று புடைப்புகளின் மேல் வைத்தாள். மூன்று. அவள் பெயருக்கும் மூன்று எழுத்து. மகளின் பெயருக்கும் மூன்றுதான். காலால் மேசையை உதைத்திருந்தாலும் மூன்று தடவை உதைத்திருக்கலாம்.

கதவு திறந்தது. உறுமி மேளச் சத்தம் வெள்ளம் போல உள்ளே புகுந்தது. எப்போது அடிக்கத் தொடங்கினார்கள் என்றே தெரியவில்லை. சீதாலெட்சுமி மூச்சிரைக்க நின்றாள். கூந்தல் அவிழ்ந்து கிடந்தது.

"எத்தன தடவ கூப்பிடுறது மாதவி? கதவுகிட்ட நின்னு கத்து கத்துன்னு கத்துறேன். வண்டி வந்திருச்சு. வாய்க்கரிசி போட எல்லாரும் உன்னத் தேடுறாங்க. காதுல விழலையா?"

"விழல அக்கா."

சீதாலெட்சுமி மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவள் கண்கள் சுவரில் வரிசையாக நின்ற கரடிகளின் மேல் போயின. உள்ளே ஓரடி வைத்து, தனக்குப் பின்னால் கதவை மெல்லச் சாத்தினாள். உறுமி நின்றது. திறந்தாள். உறுமி வந்தது. மறுபடி சாத்தினாள். சுவரில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். கை பஞ்சுக்குள் புதைந்தது.

பிறகு வந்து, தரையில் புரண்ட மாதவியின் முந்தானையை எடுத்து அவள் தோளில் போட்டுவிட்டாள்.

"வாம்மா" என்றாள். காலையிலிருந்து கேட்ட கேள்வியை அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

"ம்மா, இத என்ன பண்ண?" என்றாள் லோஷினி.

"மூடி வை."

வெளியே வரும்போது கைப்பிடியில் சிவப்பு உறை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. நேற்றிலிருந்து எத்தனை பேர் அந்தக் கதவைத் திறந்து மூடியிருப்பார்கள். ஒருவருக்கும் அதைக் கழற்றத் தோன்றவில்லை. மாதவி கழற்றினாள். வைக்க இடம் தெரியாமல் இடது கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள்.

கூட்டம் விலகி வழிவிட்டது. ஜெயராஜ் அரிசித் தட்டை நீட்டினான். அவள் ஒரு பிடி எடுத்துக் குனிந்து, கமலநாதனின் உதட்டோரம் மூன்று முறை போட்டாள். அரிசி வழிந்து பட்டுச் சட்டைக் காலருக்குள் இறங்கியது. போட்டு முடித்த பிறகும் அவள் நிமிரவில்லை. இப்போதாவது அழுதுவிடுவாள் என்று பின்னாலிருந்த பெண்கள் நெருங்கி வந்தார்கள்.

அவள் அழவில்லை. ஏதோ கேட்க முயல்பவள் போல இன்னும் கொஞ்சம் குனிந்தாள். அவன் வாய்க்கும் அவளுக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி இருந்தது.

ஜெயராஜ் வாசல் பக்கம் திரும்பிக் கையைக் காட்டினான். உறுமிக்காரர்கள் நிறுத்தினார்கள். யாரோ போய்த் தேவாரத்தையும் அணைத்தார்கள். ஹாலில் ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. சீதாலெட்சுமி எழுந்து போய் அதையும் நிறுத்தினாள்.

மாதவி முகத்தைத் திருப்பி, காதைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு, அப்படியே நின்றாள்.