வெயிலுக்குப் பயந்த ஜெட்

விமானம் வாங்குவதைப் பெரிய வித்தை என்று நினைப்பவர்கள் அந்தக் கம்பெனியின் கூட்ட அறையில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஜன்னலுக்குத் திரைத்துணி எடுக்கிற கதைதான். முதலாளி இருக்கைத் தோலின் மாதிரித் துண்டைத் தடவித் தடவிப் பார்த்தார். கம்பெனியில் சரிபாதிக்கு உரிமைக்காரரான அவருடைய அக்கா, கழிவறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று விசாரித்தார். ஓடுபாதை எவ்வளவு நீளம் வேண்டும் என்று கேட்க ஒரு ஈ காக்கை இல்லை.

அதைக் கேட்கத்தான் கேப்டனுக்குச் சம்பளம். பழைய ஜெட்டுக்கு வயதாகிவிட்டது. தூரத்துக் கிளைக்குப் போகும்போதெல்லாம் வழியில் இறங்கி எரிபொருள் போட வேண்டியிருந்தது. அக்காவுக்கு அது அறவே பிடிக்காது.

"எட்டுப் பேர் போகணும், நடுவுல எங்கயும் இறங்கக் கூடாது. எது சரியா வரும்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க, கேப்டன்" என்று அக்கா பொறுப்பை அவர் தலையில் கட்டிவிட்டார்.

போட்டியில் இருந்தவை இரண்டு நடுத்தர ஜெட்டுகள். பெரியதில் நிமிர்ந்து நடக்கலாம், கால் நீட்டிப் படுக்கலாம். ஆனால் கம்பெனி ஆலைக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டி ஓடுபாதை அதற்குப் போதாது. அதை வாங்கினால் விமானம், மெக்கானிக், கேப்டன் எல்லாருமே பெருநகரத்துக்குக் குடிபெயர வேண்டும். சின்னதில் ஆறடி ஆள் குனிந்துதான் நடக்க வேண்டும். ஆனால் அது இங்கேயே இருக்கும்.

கேப்டனுக்குச் சின்னதுதான் வேண்டும். ஒளிப்பானேன்? காரணம் விமானத்தில் இல்லை, வீட்டில் இருந்தது. ஊர் ஊராக மாறி, மகளுக்கு நாலாவது பள்ளிக்கூடம் தேடி அலைந்து, கடைசியாக இங்கே வந்து பெட்டியைப் பிரித்த அன்று மனைவி சொல்லியிருந்தாள்: "இதோட சரி. இனிமே மூட்டை கட்டச் சொன்னீங்கன்னா, நீங்க மட்டும் போய்க்கோங்க." அவள் விளையாட்டுக்குப் பேசுகிற ரகம் இல்லை. அதன் பிறகு கேப்டன் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. இப்போது இந்த ஜெட் விவகாரத்தைப் பற்றியும் வீட்டில் மூச்சு விடவில்லை.

மனசு ஒரு பக்கம் சாய்கிறதே என்ற பயத்தில், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கணக்குப் போட்டார். எட்டுப் பேர், பெட்டிகள், கோடைக்காலம், அவர்கள் வழக்கமாகக் கிளம்பும் மதியம் மூன்று மணி. அக்கா தன் எடை என்று சொன்னதோடு பத்து கிலோ கூட்டிக்கொண்டார். அது அவருக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். வெயில் ஏறினால் காற்று லேசாகிவிடும், எழும்புவதற்கு முன் ஓட வேண்டிய தூரம் கூடிவிடும். கணக்குப்படி முழு எரிபொருளோடு சின்ன ஜெட் எழும்பவில்லை. எரிபொருளைக் குறைத்தால் எழும்பியது, ஆனால் வழியில் இறங்கியாக வேண்டும். மறுபடி போட்டார். அதே விடை. கொஞ்சம் பூசி மெழுகினால் யாருக்குத் தெரியப்போகிறது? அவருக்குத் தெரியுமே, பாழாய்ப்போனது!

மறுநாள் கூட்டத்தில், "பெரியதுதான் சரியா வரும்" என்று சொல்லிவிட்டார். முதலாளி முகமெல்லாம் பல்லாகத் தோல் துண்டை எடுத்தார். அக்கா மட்டும் விடவில்லை.

"சின்னதுக்கு என்ன குறைச்சல்?"

"மூணு மணி வெயில்ல முழு பாரத்தைத் தூக்காது, மேடம்."

"காலையில?"

"காலையில ஜம்முனு போகும்."

"அப்ப காலையிலயே போயிட்டாப் போச்சு."

கேப்டன் மென்று விழுங்கினார். "நீங்க எப்பவும் மதியம்தானே கிளம்புவீங்க... அதான் உங்களுக்கு வசதின்னு..."

"எனக்கா? நல்லா இருக்கே கதை! விடியறதுக்கு முன்னாடி எழுந்து குளிச்சிட்டு, பெட்டியைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு மதியம் வரைக்கும் கொட்டு கொட்டுனு முழிச்சிட்டு உக்காந்திருக்கேன். உங்க ப்ளேன் அப்பதான் தயாராகும்னுல்ல நினைச்சேன்!"

"அக்கா தூங்கட்டுமேன்னு நான்தான் நேரத்தைத் தள்ளி வெச்சேன்" என்றார் முதலாளி, மாட்டிக்கொண்ட பள்ளிக்கூடத்துப் பையனாட்டம்.

"வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டா கொறைஞ்சா போயிடுவே?"

இத்தனை வருடங்கள் இப்படியே ஓடியிருந்தன. வானிலை அறிக்கையைப் பத்துத் தடவை சரிபார்க்கிற ஆட்கள், முதலாளி வீட்டு வழக்கத்தை மட்டும் ஒரு தடவைகூடச் சரிபார்க்கவில்லை. கேப்டன் அங்கேயே காலை நேரத்துக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். சின்ன ஜெட் தாராளமாக எழும்பியது. பொய் சொல்லாமலே நினைத்தது நடந்துவிட்டது! அதை வாங்கும் ஒப்பந்தத்தில் முதலாளியும் அக்காவும் அன்று மாலையே கையெழுத்துப் போட்டார்கள்.

வயிற்றில் பால் வார்த்த நிம்மதியோடு வீட்டுக்கு வந்தார் கேப்டன். மனைவி கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஷூவைக்கூடக் கழற்றாமல் ஆதியோடந்தமாகச் சொல்லி முடித்தார்.

"நாம எங்கயும் போக வேண்டாம்மா! இங்கயேதான்!"

"அப்படியா? சந்தோஷம்" என்றாள். மடித்த துண்டையே பிரித்து மறுபடி மடித்தாள்.

"ஏன் ஒரு மாதிரி இருக்கே?"

"ஒண்ணுமில்லீங்க." துண்டை ஓரமாக வைத்தாள். "பெரிய ப்ளேன்தான் வரப்போகுது, எல்லாரும் சிட்டிக்கு மாறணும்னு மெக்கானிக் சம்சாரம் சொன்னா. நம்ம பொண்ணு அங்க கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு, வேலைக்கும் போய்க்கிட்டு தனியா அல்லாடுறா. பக்கத்துலயே இருந்து பாத்துக்கலாம்னு ஒரு ஆசை. அவ தெருவுலயே ஒரு வீடுகூடப் பாத்து வெச்சிருக்கா."

"இனிமே மூட்டை கட்ட மாட்டேன்னு நீதானே சொன்னே?"

"அது அவ ஸ்கூல் படிச்சப்ப சொன்னதுங்க. அதுக்கப்புறம் எப்பக் கேட்டீங்க?"

"நீயாவது சொல்லியிருக்கலாமே!"

"இந்த ஊரை விட்டா உங்களுக்கு உசுரே போயிடும்னு நினைச்சேன். அதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

கேப்டன் குனிந்து ஷூவைக் கழற்றினார். அவள்தான் கேட்டாள்.

"கையெழுத்தெல்லாம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

"நல்ல ப்ளேனா?"

"நல்ல ப்ளேன்" என்றார் கேப்டன். சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது.