பிறைக்குப் பாதி

நோட்டு செல்லாமல் போனதற்கு அடுத்த வருஷம், ரஜப் மாதப் பிறை தெரிந்த சாயங்காலம், கடப்பாக்கத்துக் காயலாங்கடை சைஃபுல்லா சரிபாதியாகக் குறைந்துபோனார். பழைய இரும்பு நிறுக்கும் எடை மேடையில் ஏறி நின்றபோது எண்பது கிலோவுக்குப் பதில் நாற்பது காட்டியது. மெஷின் கெட்டுவிட்டதோ என்று ஒரு செத்த மோட்டாரைத் தூக்கி வைத்துப் பார்த்தார்கள். அதன் எடை சரியாகவே இருந்தது. ஆள் இளைக்கவில்லை. மூக்கு, முழி, தாடி எல்லாம் அதனதன் அளவுக்குச் சின்னதாகியிருந்தன, அவ்வளவுதான். அடுத்த மாதப் பிறைக்கு இருபது கிலோ. செங்கல்பட்டு டாக்டர்கள் ரத்தம், எக்ஸ்ரே என்று என்னென்னவோ பார்த்துவிட்டு எல்லாம் நார்மல் என்று அனுப்பினார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் கண்டக்டர் அவருக்கு அரை டிக்கெட் கிழித்தார். சைஃபுல்லாவும் வாயைத் திறக்கவில்லை, வியாபாரி அல்லவா.

ஊர் இதைச் சீக்கிரமே பழக்கிக்கொண்டது. அந்த ரமலான் கடைசியில் வானம் மூடிக்கொண்டது. வழக்கம்போல ஜமாத்தில் ஒரு கூட்டம் நாளைக்குப் பெருநாள் என்றது, இன்னொரு கூட்டம் கண்ணால் பார்க்காமல் ஆகாது என்றது. ஆலம்பரைக் கோட்டை மதில்மேல் ஏறி மேற்கே பார்த்தவர்களுக்கு மேகத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. யாருக்கோ யோசனை வந்து சைஃபுல்லாவைத் தூக்கிக்கொண்டுபோய் மீன் தராசில் உட்கார வைத்தார்கள். காலையில் பத்து கிலோ இருந்தவர் ஐந்து காட்டினார். உடனே பள்ளிவாசல் மைக்கில் அறிவித்துவிட்டார்கள். இரண்டு கூட்டமும் ஒரே நாளில் பிரியாணி தின்றது அந்த ஊர்ச் சரித்திரத்தில் அதுதான் முதல் தடவை. சைஃபுல்லாவின் மனைவி ஷாஜாதி மட்டும் வாசலில் நின்று கத்தினாள்: "ஊருக்குப் பெருநாளு. எனக்கு இன்னா?"

அவளுக்குப் பிள்ளை இல்லை. இருந்த ஒரே துணை அந்த மனுஷன்தான். மிச்சம் மீதியில்லாமல் அவர் கரைந்துவிடுவாரோ என்கிற பயம் ஒன்றுதான் அவளுக்கு. மற்றபடி கைக்குழந்தை அளவு புருஷனைக் குளிப்பாட்டுவதிலோ, பிறகு அவருக்கு ஒற்றைச் சோற்றுப் பருக்கையைப் பிட்டு வைப்பதிலோ அவளுக்கு ஒரு வெட்கமும் இல்லை. பக்கத்து வீட்டில் குடியிருந்த பிரபாவதி பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். ஷாஜாதி அவளிடம் போய்க் கேட்டாள்.

"பாதி பாதியா போயினே இருந்தா கடைசில ஒண்ணும் மிஞ்சாதா டீச்சர்?"

"மிஞ்சும்மா. எதையும் அப்படி வெட்டிக்கினே போவ முடியாது. கடைசில அணுன்னு ஒண்ணு வரும். அதைப் பாதியாக்கினா அப்புறம் அது அதுவா இருக்காது. அங்க நின்னுடும்."

பிரபாவதி கணக்குப் போட்டாள். முதல் பிறையிலிருந்து ஒற்றை அணுவாக நிற்க ஏழரை வருஷம் என்று விடை வந்தது. வேறு எண் வந்திருக்கக் கூடாதா என்று அவளுக்கே சங்கடமாகிவிட்டது. ஷாஜாதிக்கோ ஏழரையைப் பற்றிக் கவலையில்லை. ஓர் அணுவாவது புருஷன் இருப்பாரே! அன்றைக்குத்தான் வெகுநாள் கழித்து வயிறாரச் சாப்பிட்டாள்.

அடுத்த கவலை மறுநாளே வந்தது: எந்த அணு? பிரபாவதி தனிம அட்டவணைப் படத்தைக் கொண்டுவந்து பாயில் விரித்தாள். அப்போது கட்டைவிரல் உயரம் இருந்த சைஃபுல்லா அதன்மேல் இறங்கிக் கட்டம் கட்டமாக நடந்து பார்த்தார். இரும்பு, செம்பு, துத்தநாகம், ஈயம். "எல்லாம் நம்ம கடை சரக்குதான்" என்று சிரித்தார். இரும்புக் கட்டத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "நான் இங்கயே நின்னுக்கறேன் ஷாஜாதி, காந்தம் வச்சு எடுத்துக்கலாம்" என்றார். கடையில் உலோகம் சோதிக்க வைத்திருந்த ஸ்பீக்கர் காந்தத்தை ஷாஜாதி அன்றே தலைமாட்டுக்குக் கொண்டுவந்தாள். பிரபாவதி வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் பாடத்தில் பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. உடம்பில் பாதிக்கு மேலான அணுக்கள் முதல் கட்டத்து ஹைட்ரஜன்தான், இருப்பதிலேயே லேசானது அதுதான் என்று சொல்லிவிட்டாள். ஷாஜாதி எழுந்துபோய் ஜன்னல்களைச் சாத்தினாள்.

பிறகு அவரைக் கண்ணுக்கிடும் சுர்மா குப்பியில் வைத்தாள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். காதில் கடைசியாக விழுந்த அவர் குரல், "ஷாஜாதி, ஃபேன நிறுத்து" என்பது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஃபேன் சுற்றவில்லை, எத்தனை சித்திரை வெயில் வந்தாலும். கொரோனா வந்து ஊரெல்லாம் முகத்தை மூடியபோது அவள் ஏற்கெனவே மூடியிருந்தாள். மூச்சில் அவரை இழுத்துவிடக் கூடாதே. அந்த வருஷமே பூதக்கண்ணாடிக்கும் அவர் தெரியாமல் போனார். நிறுக்க ஆள் இல்லாததால் ஜமாத்தார் மறுபடி வானத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். பெருநாளும் மறுபடி இரண்டாயிற்று.

கருங்குழியில் டயர் கடை வைத்திருந்த அவள் அண்ணன் ஜெயினுலாபுதீன் வருஷா வருஷம் வந்து மன்றாடினார். "நாலு மாசம் பத்து நாளு இத்தா இருந்து முடிச்சிட்டு என் வூட்டுக்கு வந்துடும்மா. இன்னும் எத்தினி நாளு இந்தக் காலிக் குப்பிக்குக் காவலு?"

"உயிரோட கீறவருக்கு நான் எப்டிண்ணே இத்தா இருக்கறது?"

அண்ணன் பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கூட்டிவந்தார். ஹஜ்ரத் குப்பியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அடக்க ஒரு மய்யித்து இல்லாமல் ஜனாஸா எப்படித் தொழவைப்பது? டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

கணக்கு முடிகிற பிறை போன வருஷம் வந்தது. ஷாஜாதி குப்பியை அட்டவணையில் இரும்புக் கட்டத்தின்மேல் வைத்து, காந்தத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறை தெரிந்தது. குப்பி அசையவில்லை.

"எது டீச்சர்?"

"தெரியலம்மா. எந்தத் தராசுலயும் தெரியாது."

"அந்த மொத கட்டமா இருந்தா வெளிய போயிருப்பாரா?"

"அது ஒண்டியா நிக்காது. பக்கத்துல எது கெடைக்குதோ அதோட ஒட்டிக்கும்."

"எங்கூட ஒட்டியிருப்பாரா?"

பிரபாவதி குடத்துத் தண்ணீரைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், பாயைப் பார்த்தாள். "இருக்கலாம்" என்றாள். பாடத்தில் அவள் முதல் தடவையாக மழுப்பினாள் என்பது ஷாஜாதிக்குப் புரிந்தது. காந்தத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். ஏழரை வருஷம் அவள் அப்படி அழுததில்லை. அழுதுகொண்டே கண்ணீரைத் தரையில் விழவிடாமல் முந்தானையில் ஒற்றியெடுத்தாள், அதிலும் அவர் இருக்கலாம் என்பதால்.

அடுத்த பிறைக்கு ஒன்றும் நடக்கவில்லை. பாதியாவதற்கு இனி ஒன்றும் இல்லை. அந்த வாரம் ஜெயினுலாபுதீன் கருங்குழியிலிருந்து வந்தார், வழக்கம்போல மன்றாடத்தான். உள்ளே காற்றே இல்லை. நெற்றி வேர்வை மூக்கில் இறங்கியது. வாயைத் திறப்பதற்குள் தங்கை சொன்னாள்: "கதவ சாத்துண்ணே, அவரு கீறாரு."

அண்ணன் கதவைச் சாத்தினார். எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் பொதுவாக, "அஸ்ஸலாமு அலைக்கும், மச்சான்" என்றார். உட்காரும் முன்னால் குனிந்து நாற்காலியை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.