பஞ்சுவுக்குக் காது கேட்கும்

ராஜபாளையத்தில் வெள்ளை நாய் வாங்க வருகிறவர்கள் முதலில் பல்லைப் பார்க்க மாட்டார்கள், வாலைப் பார்க்க மாட்டார்கள். நாய்க்குப் பின்னால் போய் நின்று கையைத் தட்டுவார்கள். அந்த ஜாதியில் சிலதுக்குப் பிறவியிலேயே காது கேட்காது என்பது ஊரறிந்த விஷயம். திரும்பிப் பார்த்த குட்டிக்கு வீடு கிடைக்கும். திரும்பாத குட்டிகளில் ஒன்றிரண்டு, ஒருநாள் விடிகிறபோது ஏதாவது ஒரு பஞ்சாலைச் சுவரோரம் நடுங்கிக்கொண்டு நிற்கும். கொண்டுவந்து விட்ட மகராசன் யார் என்று எந்தக் காலத்திலும் தெரியவராது.

அப்படிக் கிடைத்தவன்தான் பஞ்சு. சப்ரீன் தூக்கி வரும்போது உடம்பெல்லாம் சொறி. விலா எலும்பை எண்ணிவிடலாம். அவளுக்கு நைட்டி கம்பெனியில் பொத்தான் துளை போடும் காஜா மெஷினில் வேலை. வேலை முடிந்தால் தெருநாய்கள்தான். துணைக்கு லோடு ஆட்டோ ஓட்டும் ராக்கப்பன். அவன் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைதான் இருவரும் நடத்திய காப்பகம். ஐந்து நாய் இருக்கவேண்டிய இடத்தில் பத்தொன்பது இருந்தன. சப்ரீனின் அம்மா ஆரிபா மகளைத் தடுக்கவும் இல்லை, மெச்சவும் இல்லை. மார்க்கப்படி நாய் எச்சில் பட்ட கையை ஏழு தடவை கழுவவேண்டும், அதில் ஒரு தடவை மண் போட்டு. அந்த மண்ணை மட்டும் குழாயடியில் ஒரு டப்பாவில் தீராமல் வைத்திருப்பாள்.

சொறி ஆறி, பஞ்சு பெயருக்கேற்ற வெள்ளையானான். இரண்டு வீட்டார் ஆசையாய்க் கொண்டுபோனார்கள். காது கேட்காது என்று சொல்லித்தான் சப்ரீன் கொடுத்தாள். ஒரு வீட்டார் ஒன்பதாம் நாள் திருப்பிக் கொண்டுவந்தார்கள், இன்னொரு வீட்டார் இருபதாம் நாள். “கூப்பிட்ட கொரலுக்கு வராத நாய் என்னத்துக்கு?” என்றார்கள். இரண்டாம் தடவை திரும்பி வந்த பஞ்சு மூன்று நாள் தட்டைத் தொடவில்லை. வாசலைப் பார்த்துப் படுத்தே கிடந்தான்.

தூங்குகிறவனைத் தொட்டால் பதறி எழுவான். அதனால் சப்ரீன் பக்கத்தில் நின்று குதிகாலால் தரையை மூன்று தடவை தட்டுவாள். அதிர்வு வயிற்றுக்குப் போய்ச் சேரும். கண்ணைத் திறந்து அவளைப் பார்த்ததும் வால் ஆடும். அது அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த பாஷை.

ஆடி மாதம் கல்யாணம் கிடையாது, மண்டபம் சும்மா கிடக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு புண்ணியவான் தன் மண்டபத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை நாய்களைத் தத்துக் கொடுக்க விட்டுக்கொடுத்தார். மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் பலகை மேடையில் நாய்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கான்சாபுரத்திலிருந்து சங்கையா வந்திருந்தார். பட்டாளத்தில் இருந்து திரும்பியவர். தென்னந்தோப்பு, தோப்புக்குள் வீடு. மனைவி போய் ஒரு வருஷமாகத் தனிக்கட்டை. வந்தவர் நேராகப் பஞ்சுவிடம்தான் போனார். அவன் பின்னால் நின்று கையைத் தட்டினார்.

அதே நேரத்தில் சப்ரீனின் குதிகால் பலகையில் இறங்கியது. யோசித்துச் செய்தாளா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. பஞ்சு சட்டென்று திரும்பினான்.

“காது கூர்மையாத்தான் இருக்கு,” என்று சங்கையா சிரித்தார். அவள் வாயைத் திறக்கவில்லை.

பஞ்சுவை அவரிடம் கொடுத்துவிட்டு ஊர் திரும்பும் வழியெல்லாம் அவள் முகம் வாடியிருந்ததைப் பார்த்து ராக்கப்பன் சொன்னான். “ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தப் பண்ணுன்னு சொல்லியிருக்காக. கல்யாண மண்டபத்துல வச்சு நாம ஒண்ணுதானே சொல்லியிருக்கோம்? விடு.”

வெள்ளிக்கிழமைதோறும் சங்கையாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் படம் வரும். பஞ்சு வாய்க்காலில் நிற்பான், கட்டிலுக்கடியில் தூங்குவான், சங்கையாவின் பட்டாளத் தொப்பியைக் கவ்விக்கொண்டு ஓடுவான். ஒருநாள் குரல் பதிவு வந்தது. “திமிரு புடிச்ச பய தாயி. பின்னால நின்னு கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்கான். மூஞ்சியப் பாத்துட்டா ஓடியே வாரான். எம்புட்டுச் செல்லம் பாத்தியா!”

‘ஐயா, அவனுக்குக் காது’ என்று தட்டச்சு செய்துவிட்டு அழித்தாள். மூன்றாம் தடவையும் அவனைக் கொண்டுவந்து விட்டுவிடுவாரோ என்ற பயம். அடுத்த வாரம் சொல்வோம் என்று நினைத்தாள். அடுத்த வாரமும் அதையேதான் நினைத்தாள்.

கார்த்திகையில் போன் வந்தது. “தாயி, பஞ்சு போயிட்டான்,” என்றார். வேறொன்றும் அவரால் சொல்ல முடியவில்லை.

அவள் கிளம்பும்போது ராக்கப்பன் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வந்தான். “போய் அழுதுட்டு வா. ஆனா காது சமாச்சாரத்தச் சொல்லிராத. வெளிய தெரிஞ்சா இனி ஒருத்தரும் நம்மகிட்ட நாய் வாங்க மாட்டாக. கொட்டகையில கெடக்குறதுகள நெனச்சுப் பாரு.” அவன் சொன்னதில் தப்பில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, கான்சாபுரம் போக வத்திராயிருப்பு பஸ்ஸில் உட்காரும்போது, சொல்வதில்லை என்று அவளும் முடிவு செய்திருந்தாள்.

சங்கையா தோப்பு மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்திருந்தார். நான்கு நாள் தாடி. எதிரே ஒரு தென்னையடியில் புது மண்மேடு.

“தேங்கா வெட்டு நடந்துச்சு தாயி. மரத்து மேல வெட்டுக்காரன் இருளப்பசாமி. ‘காய் விழுது’ன்னு கத்திட்டுத்தான் அருவாளப் போட்டான். குலை பாதி அறுந்து தொங்குது. அந்நேரம் பாத்து இந்தப் பய எங்கிருந்தோ வந்து அதுக்கு நேர் கீழ நெழலுக்குப் படுத்துட்டான், எனக்கு முதுகக் காட்டிக்கிட்டு. நான் இந்தா, இங்கதான் நிக்கேன். பஞ்சு, பஞ்சுன்னு கத்துதேன். விசிலடிக்கேன். திரும்பல.”

அவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

“காலையில அவன அடிச்சேன். கோழிக்குஞ்சக் கவ்விட்டான்னு துண்டால ரெண்டு போட்டேன். வந்த நாள்லருந்து ஒரு அடி அடிச்சதில்ல. அந்தக் கோவம் அவனுக்கு. அதான் அம்புட்டுக் கூப்பிட்டும் வரல. எம்மேல கோவத்தோடயே போயிட்டான் தாயி.”

பஸ்ஸில் எடுத்த முடிவெல்லாம் எங்கே போயிற்றோ. பேசாமலிருந்தால் கொட்டகை பிழைக்கும். ஆனால் இந்த மனுஷன் சாகிற வரைக்கும் அந்த இரண்டு அடியைச் சுமந்துகொண்டு திரிவார்.

“ஐயா, அவனுக்கு உங்க மேல கோவம் இல்ல,” என்றாள். “அவனுக்குக் காது கேக்காது. பொறவியிலேயே கேக்காது. அன்னைக்கி மண்டபத்துல நீங்க கை தட்டையில நான் பலகைய மிதிச்சேன். அதுக்குத்தான் அவன் திரும்பினான். எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் செஞ்சேன்.”

சங்கையா அவளையே பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள், திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். முதலில் அவர் முகம் லேசாகத் தெளிந்தது. “அப்போ கோவம் இல்ல,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு அவர் கண் மோட்டார் ரூம் படியிலிருந்து அந்தத் தென்னை வரைக்கும் மெதுவாகப் போய் வந்தது. பத்து எட்டு வைக்கிற தூரம்தான் இருக்கும்.

“முன்னமே சொல்லியிருந்தா இங்க நின்னு கூப்பிட்டிருக்க மாட்டேனே தாயி,” என்றார். “ஓடிப்போய்த் தூக்கியிருப்பேனே.”

சப்ரீன் படியிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மன்னிப்புக் கேட்க நினைத்தாள். என்னவென்று கேட்பது? இரண்டு வீட்டில் உண்மை சொல்லித் தோற்றவள், மூன்றாவது வீட்டில் மட்டும் சொல்லாமல் விட்டாள். சொல்லியிருந்தாலும் வைத்துக்கொண்டிருப்பார் அந்த மனுஷன்.

“நீ அவன எப்படிக் கூப்பிடுவ?” என்று அவர் கேட்டார்.

அவள் எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலால் தரையை மூன்று தடவை தட்டிக் காட்டினாள்.

சங்கையா எழுந்து மண்மேட்டுக்குப் போனார். தானும் செருப்பைக் கழற்றினார். குதிகாலால் மூன்று தடவை தட்டிவிட்டு நின்று பார்த்தார். மறுபடியும் தட்டினார். ஐந்தரை பஸ்ஸுக்கு நேரமாகி சப்ரீன் வரப்பில் இறங்கும்போதும் அவர் தட்டிக்கொண்டுதான் இருந்தார்.