களஞ்சியத்துக்குள் பத்துப் பேர்

எண்பத்தாறாம் வருஷம் சித்திரை அமாவாசை அன்று, ஒரு நாட்டின் தேசிய அணி மொத்தமும் செஞ்சிக் கோட்டையின் நெற்களஞ்சியத்துக்குள் பூட்டப்பட்டுக் கிடந்தது. பூட்டியவர் காவலாளி யாகப்பன். சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது, ஆனால் திறக்க வழியில்லை.

நாடு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஐரோப்பா படத்தில் சில நாடுகளுக்குப் பேர் எழுத இடம் போதாமல் பக்கத்து நாட்டின் மேல் எழுதியிருப்பார்களே, அதில் ஒன்று. இவர்கள் ஆடுவது ஃபுட்சால். பக்கத்துக்கு ஐந்து பேர், கூரைக்குக் கீழே, கெட்டித் தரையில் ஆடும் கால்பந்து. மறுநாள் பெங்களூரில் ஆட்டம். பாண்டிச்சேரியிலிருந்து கிளம்பிய வேன், அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் ஸ்பெஷல் பஸ்களுக்கு நடுவில் திணறித் திணறி வந்து, அச்சு முறிந்து கோட்டை வாசலில் நின்றுவிட்டது.

வேன் டிரைவர் ஜகபர் அலி பாண்டிச்சேரிக்காரர். அவர்கள் பாஷை கொஞ்சம் தெரியும்.

"யாகப்பண்ணே, அச்சு வாங்க நான் திண்டிவனம் போவணும். இவங்க அதுவரைக்கும் சும்மா குந்த மாட்டாங்களாம். நாலு பக்கம் சுவரு, மேல கூரை, சமமான தரை, அப்பிடி ஒரு எடம் இருந்தா ஆடிப் பாக்கணும்றாங்க."

யாகப்பனுக்கு அது போதும். இத்தனை வருஷத்தில் கோட்டைக்கு வந்தவர்கள் அவரிடம் கேட்டதெல்லாம் தண்ணீர் எங்கே, கக்கூஸ் எங்கே என்பதுதான். இன்றைக்கு ஒரு நாடே வந்து கேட்கிறது. மனுஷர் மிதப்பாகப் போய்க் களஞ்சியத்தைத் திறந்துவிட்டார்.

திறக்கவே கூடாது. வருகிறவர்கள் சுவரெல்லாம் பேர் கிறுக்கியதால், தொல்பொருள் இலாகா கனமான பலகைக் கதவு போட்டுப் பூட்டியிருந்தது. யாரையாவது உள்ளே விட்டால் அன்றோடு வேலை இல்லை என்றும் சொல்லியிருந்தது. யாகப்பன் இன்னும் தினக்கூலிதான். நிரந்தரம் ஆக்கும் ஆர்டர் இதோ வருகிறது, அதோ வருகிறது என்றிருந்தது. மனைவி ஆரோக்கியம் அதற்காக வேளாங்கண்ணிக்கு முடி காணிக்கை நேர்ந்திருந்தாள்.

அவர்களுடைய பந்து யாகப்பனை மயக்கிவிட்டது. அளவில் சின்னது, கையில் எடுத்தால் கனம். கீழே போட்டால் எழும்பாமல், ஈரத்துணி மாதிரி விழுந்த இடத்திலேயே கிடந்தது. அவர்கள் காலில் மட்டும் சொன்னபடி ஓடியது. மீசைக்காரக் கோல்கீப்பர் கைகாட்டி அவரையும் உதைக்கச் சொன்னார். யாகப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு உதைத்தார். கோல். மீசைக்காரர் வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தார் என்பது தெரிந்தும் அவருக்கு வாயெல்லாம் பல்.

அப்போதுதான் இலாகா ஜீப் வரும் சத்தம் கேட்டது.

யாகப்பனுக்குக் கைகால் ஓடவில்லை. விளக்கிச் சொல்ல ஜகபர் அலியும் இல்லை. வெளியே கைகாட்டினார், தன் கழுத்தில் விரலை இழுத்துக் காட்டினார், உதட்டில் விரல் வைத்தார். மீசைக்காரர் முகம் மாறியது. தானும் உதட்டில் விரல் வைத்து, மற்றவர்களையும் அடக்கினார். யாகப்பன் வெளியே வந்து பூட்டினார். ஆபீசர் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விடுவார் என்றுதான் கணக்குப் போட்டார்.

ஆபீசர் இராமச்சந்திரன் போகவில்லை. வெயிலுக்கு நிழல் தேடி, களஞ்சியத்துப் படியிலேயே உட்கார்ந்து கதவில் சாய்ந்துகொண்டார்.

"யாகப்பா, உன் ஆர்டர் கையிலதான் இருக்கு. சாப்பிட்டுட்டுக் கையெழுத்துப் போட்டுடறேன்."

டிபன் கேரியரைத் திறந்தார். உள்ளே தொப் என்று ஒரு சத்தம்.

"உள்ள என்னப்பா அது?"

"வவ்வாலு சார்."

"வவ்வால் இவ்வளவு கனமாவா விழும்?"

"பழந்தின்னி வவ்வாலு சார். பெருசா இருக்குது."

ஆபீசர் மோர்சாதத்துக்குத் திரும்பினார். இன்னும் இரண்டு மூன்று தொப். எழும்பாத பந்துக்குச் சத்தம் கேட்காது என்று நினைத்து, வாயை மட்டும் மூடிக்கொண்டு மெதுவாக ஆடுகிறார்கள் போல. ஒவ்வொன்றுக்கும் யாகப்பன் பலமாக இருமி வைத்தார். பிறகு சத்தம் நின்றது. அப்பாடா என்றிருந்தது அவருக்கு.

அந்த அப்பாடா நிலைக்கவில்லை. ஆபீசர் சாப்பிட்டு முடித்துக் கண்ணை மூடினார். எழுப்பவும் முடியாது, நகர்த்தவும் முடியாது. வெயில் உச்சிக்கு ஏறியது. களஞ்சியத்துக்குச் சுவர் உச்சியில் இருக்கும் சின்ன ஓட்டைகளைத் தவிர வேறு காற்று வழி கிடையாது. அவர்களுடைய தண்ணீர்ப் புட்டிகளெல்லாம் வேனில் கிடந்தன. பந்து சத்தம் கேட்டபோது மாட்டிக்கொள்வோமே என்ற பயம். கேட்காதபோது வந்தது அதைவிடப் பெரிய பயம். ஆடாமல் உள்ளே என்ன செய்கிறார்கள்?

ஆபீசர் விழித்தார். ஃபைலை மடியில் வைத்துப் பேனாவைத் திறந்தார்.

உள்ளே ஏதோ விழுந்தது. பந்து இல்லை, ஆள். யாகப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். யாராவது கத்துவார்கள், கதவைத் தட்டுவார்கள். யாரும் கத்தவில்லை, தட்டவும் இல்லை. தனக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள் என்று அவருக்குப் புரிந்தது. ஒரு நிமிஷம் பொறுத்தால் கையெழுத்து விழுந்துவிடும்.

"சார், எழுந்திருங்க," என்றார். "உள்ள ஆளுங்க இருக்காங்க."

கதவு திறந்ததும் சூளை வாயிலிருந்து வருவதுபோல் அனல் வந்தது. பனியனைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் கிடந்தார்கள். மயங்கி விழுந்த ஒரு பையனுக்கு இரண்டு பேர் பனியனால் விசிறிக்கொண்டிருந்தார்கள். மீசைக்காரர் மட்டும் யாகப்பனுக்குப் பின்னால் நின்ற ஆபீசரைப் பார்த்தார். தள்ளாடி எழுந்து வந்து இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டு, கோல்போஸ்ட்டில் நிற்பதுபோல் இரண்டு கைகளையும் விரித்தார்.

இராமச்சந்திரன் கெட்டவர் இல்லை. பையனைத் தூக்க அவரும் ஒரு கை கொடுத்தார், ஜீப்பிலிருந்த தண்ணீரையும் கொடுத்தார். பையன் கண்ணைத் திறந்த பிறகு பேனாவை மூடினார், சாவியை வாங்கிக்கொண்டார், கிளம்பிவிட்டார்.

ஜகபர் அலி அச்சோடு வந்து சேர்ந்தபோது, மீசைக்காரர் யாகப்பனின் கையை விடாமல் பிடித்தபடி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நீங்க கழுத்துல வெரல இழுத்துக் காட்டுனீங்களா? வெளிய வந்த ஆளு உங்கள நெஜமாவே வெட்டிடுவான்னு நெனச்சாங்களாம். அதான் செத்தாலும் சத்தம் போடக் கூடாதுன்னு இருந்தாங்களாம். இப்ப உங்களுக்கு ஆபத்து இல்லியேன்னு கேக்குறாரு."

யாகப்பன் சாவியில்லாத இடுப்புக் கயிற்றைத் தடவிப் பார்த்தார்.

"ஒரு ஆபத்தும் இல்லன்னு சொல்லுப்பா," என்றார். "வேல போன விஷயத்தச் சொல்லாத."