உள்ளறைச் சத்தம்

வானமாமலை வந்ததும் முதல் காரியமாகச் சுவிட்சைத் தட்டி மின்விசிறியை நிறுத்தினார். அண்ணன் பிரம்மநாயகத்தின் தலைமாட்டில் விளக்கு ஏற்றியிருந்தது. காற்றில் சுடர் படுத்துப் படுத்து எழுந்துகொண்டிருந்தது.

"பிரேதம் கெடக்க எடத்துல ஃபேன் போடுவாவளா? வெளக்கு அணைஞ்சா என்ன ஆவும்?" என்றார் பொதுவாக.

மின்விசிறி ஓய்ந்தது. அதன் பிறகுதான் அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. உள்ளறையிலிருந்து, பிளைவுட் தடுப்பைத் தாண்டி, விடாமல் ஊதிக்கொண்டிருந்தது. ஊதலின் நடுவில் ஒரு கரகரப்பு.

"என்னட்டீ அது, உள்ள மாவு மில்லா ஓடுது?"

ஷாலினி அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். எழுந்தாள்.

"கம்ப்யூட்டர் சித்தப்பா. நிறுத்திட்டு வாரேன்."

"நிறுத்தாத," என்றாள் அம்மா.

பேராச்சி நிமிர்ந்து பார்க்கவில்லை. கணவரின் நெற்றியில் திருநீற்றைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"அது அவ வேல. பாதியில நிறுத்துனா மொதல்லேருந்து செய்யணும். அவியளுக்கே அது தெரியும். அதான் கூப்பிடாமலே கெடந்திருக்காவ."

வந்திருந்த பெண்கள் ஷாலினியைப் பார்த்தார்கள். அவள் திரும்பவும் உட்கார்ந்தாள்.

காலை பதினோரு மணிக்குப் பேராச்சி முனிசிபல் ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்கப் போயிருந்தாள். பதினொன்றே முக்காலுக்கு ஷாலினி தண்ணீர் குடிக்க ஹாலுக்கு வந்தாள். அப்பா கட்டிலில் ஒருபக்கமாகச் சரிந்து கிடந்தார். ஒரு கை வெளியே தொங்கியது. நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை ஃப்ரிட்ஜின் மேல் இருந்தது. கட்டிலிலிருந்து ஆறடி. கீழ்த்தளத்து டாக்டர் வந்து பார்த்துவிட்டு, உயிர் போய் அரை மணி இருக்கும் என்றார். மாத்திரை கொடுத்திருந்தால் என்று கேட்டாள். "சொல்ல முடியாது," என்றார். பேனாவைத் திறந்து சான்றிதழ் எழுத உட்கார்ந்தார்.

அவளுடைய கம்ப்யூட்டரில் இருந்த கிராஃபிக்ஸ் கார்டுக்கு மூன்று விசிறிகள். சும்மா இருக்கும்போது மூன்றும் நின்றுவிடும். மின்னஞ்சல் பார்த்தால் சத்தமே இருக்காது. சூடு எழுபது டிகிரியைத் தாண்டினால் மூன்றும் முழு வேகத்தில் சுற்றும். நடு விசிறியின் பேரிங் போன வருடமே தேய்ந்துவிட்டது. கரகரப்பு அதனுடையது.

ஷாலினி ஐந்து வருடமாக அந்தேரியில் ஓர் அனிமேஷன் ஸ்டூடியோவுக்கு வீட்டிலிருந்து வேலை செய்தாள். வீடு, தெரு, மழை, கடல் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் செய்து முடித்து, கடைசியில் அதைப் படமாக எடுக்க ஓடவிட வேண்டும். ஓர் இரவு ஓடும், சிலசமயம் இரண்டு நாள் ஓடும். பிரம்மநாயகம் முப்பது வருடம் துறைமுகக் கேண்டீனில் சமையல் பார்த்தவர். ரெண்டர் என்ற அதன் பெயர் அவர் வாயில் நிற்கவில்லை. படம் வேகுது என்பார்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் படம் ஓடிக்கொண்டிருந்தபோது அவர் குளிக்க வெந்நீர் ஹீட்டரைப் போட்டார். ஃபியூஸ் போய்விட்டது. பதினோரு மணி நேரம் ஓடிய படம். ஷாலினி ஹாலுக்கு வந்து கத்தினாள். இந்தச் சத்தம் கேட்டால் எதையும் தொடாதீர்கள், என்னையும் கூப்பிடாதீர்கள் என்றாள். அவர் துண்டைத் தோளில் போட்டபடி, "சரிம்மா," என்றார். அதற்குப் பிறகு தொட்டதில்லை. கூப்பிட்டதும் இல்லை.

ஆறு வாரத்துக்கு முன் ஸ்டூடியோ அவளுடைய குழுவை மொத்தமாக வேலையை விட்டு அனுப்பிவிட்டது. வீடியோ காலில், பதினான்கு நிமிடத்தில். அப்பா நெஞ்சில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்த வாரம் அது. வீட்டில் சொல்லவில்லை. வழக்கம்போலப் பத்து மணிக்கு உட்கார்ந்து ஏழு மணிக்கு எழுந்தாள். வேறு வேலைகளுக்கு எழுதிப் போட்டாள். எழுதிப் போடுவதற்குச் சத்தம் வராது. மூன்றாம் நாள் அப்பா தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்.

"என்னம்மா, வேல இல்லையா? சத்தத்தையே காணும்."

"இருக்குப்பா. இப்ப ஓடும்."

அன்று மத்தியானம் ஒரு விளையாட்டைத் தொடங்கினாள். பனி மலைகளுக்கு நடுவே குதிரையில் போகிற ஒருத்தி. எங்கே வேண்டுமானாலும் போகலாம். கார்டுக்கு வேலையும் விளையாட்டும் ஒன்றுதான். அதே சூடு, அதே சத்தம். முதல் வாரம் அப்பாவுக்குக் கேட்கட்டும் என்று ஓடவிட்டாள். பிறகு விளையாடவும் செய்தாள்.

ஒரு மணிக்கு மேல் ஆட்கள் கூடினார்கள். மே மாதம். மின்விசிறி இல்லாத ஹாலில் எல்லோரும் சேலைத் தலைப்பாலும் காலண்டர் அட்டையாலும் விசிறிக்கொண்டிருந்தார்கள். உள்ளறையில் மூன்று விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன. புதிதாக வந்த ஒவ்வொருவரும் முதலில் பிரம்மநாயகத்தைப் பார்த்தார்கள், அடுத்து தடுப்பைப் பார்த்தார்கள். பேராச்சி ஒவ்வொருவருக்கும் சொன்னாள்.

"புள்ளைக்கு வேல ஓடிக்கிட்டிருந்துது. சத்தம் கேட்டுக்கிட்டேதான் இருந்துருக்கும். வேல கெட்டுப் போவக்கூடாதுன்னு கூப்பிடல. சத்தம் அடங்கட்டும், அடங்கட்டும்னு கெடந்திருக்காவ."

வந்தவர்கள் "அய்யோ" என்றார்கள். ஒருத்தி ஷாலினியின் தலையைத் தடவினாள்.

"இந்தச் சத்தத்துல அண்ணன் எப்பிடித்தான் ஒறங்குனாவளோ," என்றார் வானமாமலை.

"அது ஓடுனாத்தான் ஒறங்குவாவ. நின்னாத்தான் முழிப்பு. ஓடுனா புள்ள வேலையில இருக்கான்னு அர்த்தம்லா."

வானமாமலை வாசலுக்குப் போனார். அங்கே லிஃப்டைப் பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஸ்ட்ரெச்சர் லிஃப்டில் நுழையாது.

"நாலு மாடியும் தூக்கிட்டுத்தான் எறங்கணும்."

"லிஃப்டுல நிக்க வச்சா கொண்டு போவ முடியும்? வேற வழி?"

"எங்கண்ணன் நின்னா நிப்பான். கேண்டீன்ல முப்பது வருசம் நின்னவன்தானே," என்றார் வானமாமலை. சிரித்தார். சிரித்துக்கொண்டே துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

குளிப்பாட்டியபின் கட்டப் புது வேட்டி வேண்டும். அது உள்ளறை பீரோவில் இருந்தது. பேராச்சி பிரேமலதாவை அனுப்பினாள். வானமாமலையின் மகள், முலுண்டிலிருந்து அப்பாவோடு வந்திருந்தாள். ஷாலினி எழுவதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள். ஒரு வேட்டி எடுக்க ஆகிற நேரத்தைவிடக் கொஞ்சம் அதிகமாயிற்று. வெளியே வந்து பெரியம்மாவிடம் வேட்டியைக் கொடுத்தாள். பிறகு அடுக்களைக்குப் போய் நின்றாள். ஷாலினியும் போனாள்.

பிரேமலதா டீத்தூள் டப்பாவைத் திறந்து மூடினாள்.

"அக்கா."

"ம்."

"குதிரை நிக்குது."

ஷாலினி ஹால் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"பெரியம்மாவுக்கு மாலூமா?"

"இல்ல."

"ஆஃபீஸ்?"

"ஆறு வாரம் ஆச்சு."

பிரேமலதா அடுப்பைப் பற்றவைத்தாள். பாத்திரத்தை வைத்தாள். தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டு, பிறகு ஊற்றினாள்.

"மானிட்டரை மட்டும் ஆஃப் பண்ணிட்டேன். வேற யாராச்சும் உள்ள போனா..."

"சரி."

"சத்தத்தையும் நிறுத்திரட்டா? முடிஞ்சுட்டுன்னு சொல்லிரலாம். யாருக்குத் தெரியப் போவுது?"

ஷாலினி யோசித்தாள். முடிந்துவிட்டது என்று சொன்னால் அம்மா அடுத்து வருகிறவர்களிடம் அதையும் சேர்த்துச் சொல்வாள். அவர் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய வேலை நல்லபடியாக முடிந்தது என்பாள்.

"வேண்டாம்," என்றாள்.

நான்கு மணிக்கு எடுத்தார்கள். கொள்ளி வானமாமலை வைப்பதாக முடிவாயிற்று. படிக்கட்டின் திருப்பங்களில் ஸ்ட்ரெச்சர் சுவரில் இடித்தது. ஒவ்வொரு மாடியிலும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். பெண்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள். ஷாலினி ஜன்னலிலிருந்து பார்த்தாள். வண்டி மோனோ ரயில் தூண்களுக்கு நடுவே திரும்பிப் போயிற்று.

கட்டிலை மடக்கிச் சுவரோரம் சாய்த்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் குளிக்கக் கலைந்தார்கள். பிரேமலதா குடத்தோடு தண்ணீர் பிடிக்கக் கீழே போனாள். மேலே குழாயில் தண்ணீர் நின்றுவிட்டிருந்தது. வீட்டில் இருவர் மட்டும் இருந்தார்கள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பேராச்சி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இருக்கிற தண்ணீரில் துணியை முக்கித் தரையைத் துடைத்தாள்.

"முடிய இன்னும் எவ்வளவு நேரமாவும்?" என்று கேட்டாள்.

"எது?"

"ஒன் வேல."

ஷாலினி தடுப்பில் சாய்ந்து நின்றாள். அதிர்வு முதுகில் தெரிந்தது.

"அது வேல இல்லம்மா."

பேராச்சி துணியைப் பிழிந்தாள்.

"வேல போயிட்டு. ஆறு வாரமாச்சு. அப்பா சத்தத்தைக் காணுமேன்னு கேட்டாவ. அதான் ஓடவிட்டேன். அது ஒரு கேம். வெளையாட்டு."

பேராச்சி துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தாள். விளக்கைச் சுற்றி வந்தாள். எண்ணெய் சிந்தியிருந்த இடத்தை நகத்தால் சுரண்டினாள்.

"இன்னைக்கும் அதானா?"

"ஆமா."

"பதினோரு மணிக்கு?"

"ஆமாம்மா."

"நீ வெளையாடிக்கிட்டு இருந்த."

"ஆமா."

வாளியில் துணி விழுந்தது. பேராச்சி கையை முந்தானையில் துடைத்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கீழே தெருவில் பஸ் ஒன்று ஹாரனை அடித்துக்கொண்டே போயிற்று. அது போய் முடிகிற வரைக்கும் இருந்தாள்.

"உள்ள போயி அதை நிறுத்து."

ஷாலினி போனாள். மானிட்டரைப் போட்டாள். பனி பெய்துகொண்டிருந்தது. குதிரையும் அதன் மேல் இருந்தவளும் ஆற்றங்கரையில் நின்றார்கள். ஐந்து மணி நேரமாக அங்கேயே நின்றிருந்தார்கள். சேமிக்கவா என்று கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினாள். விசிறிகள் உடனே நிற்கவில்லை. சூடு இறங்கும்வரை சுற்றின. அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஓரத்து இரண்டும் முதலில் நின்றன. நடு விசிறி கரகரத்துக்கொண்டே ஒரு நிமிடம் ஓடியது.

அவள் வெளியே வந்தபோது எதிர்வீட்டு வந்தனா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். பை தோளிலேயே இருந்தது. மராத்திக்காரி. காலையில் வேலைக்குப் போகும்போது பிரம்மநாயகத்துக்கு வாசலிலிருந்தே கையாட்டிவிட்டுப் போவாள்.

"காக்கீ, யே கைஸே ஹுவா?" என்றாள், எப்படி ஆயிற்று என்று. "மாமா கூப்பிடவே இல்லையா?" என்று இந்தியிலேயே கேட்டாள். ஷாலினியையும் பார்த்தாள்.

ஷாலினி வாயைத் திறந்தாள்.

"பேட்டீ கா காம் சாலூ தா," என்றாள் பேராச்சி.

தெரிந்த இந்தியில் மெதுவாகச் சொன்னாள். பிள்ளைக்கு வேலை ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கும். வேலை கெட்டுப் போகக் கூடாது என்று அவர் கூப்பிடவில்லை. காலையிலிருந்து சொன்ன அதே வரிசை. எதையும் கூட்டவில்லை, எதையும் விடவில்லை. சொல்லும்போது மகளின் பக்கம் திரும்பவில்லை.

வந்தனா கண்களைத் துடைத்துக்கொண்டாள். இப்படியும் ஓர் அப்பாவா என்றாள்.

"ஒக்காரச் சொல்லு," என்றாள் பேராச்சி தமிழில்.

ஷாலினி பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டாள். தரை காய்ந்திருக்கவில்லை. நாற்காலி வழுக்கியது. வந்தனா உட்காரும்வரை அதன் முதுகைப் பிடித்துக்கொண்டாள். உட்கார்ந்த பிறகும் கையை எடுக்கவில்லை.