விரிசலுக்கு மேல் சிங்கம்

கார்ப் பந்தய டீமின் டைரக்டர் பதினொரு பக்கத்துக்குக் குறிப்பு எழுதிக்கொண்டு வந்திருந்தார். அவருடைய டீமில் இருந்தவை ஒரு கார், ஒரு மெக்கானிக், ஒரு டிரைவர், பதினான்கு குடைகள். குடைகள் எல்லாவற்றிலும் அவருடைய முகம். அந்த டிரைவர் அவருடைய மனைவியின் தம்பி. ஹெல்மெட்டுக்குப் பெயின்ட் அடிக்க வேண்டியவள் அந்த மனைவி. சாப்பாட்டு மேஜையில் பேசி முடித்திருக்க வேண்டிய விஷயம். ஆனாலும் அவர் அவளுடைய பட்டறைக்கே வந்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல், குறிப்பை உரக்க வாசித்தார்.

முன்னால் கர்ஜிக்கும் சிங்கம். பின்னால் தீ. இரண்டு பக்கமும் மின்னல், ஏனென்றால் டிரைவர் தனக்குத்தானே 'மின்னல்' என்று பெயர் வைத்துக்கொண்டிருந்தான். எட்டாவது இடத்துக்கு முன்னால் அந்த மின்னல் வெட்டியதே இல்லை. ஒரே ஒரு தடவை, முன்னால் போன ஐந்து கார்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றுவிட, மூன்றாவதாக வந்தான். அன்றைக்குத் தலையில் இருந்ததுதான் ராசியான ஹெல்மெட். உச்சியில், பணம் போடும் மெத்தைக் கம்பெனியின் வாசகம்: 'நிம்மதியாக உறங்குங்கள்.'

"சிங்கம் கொட்டாவி விடற மாதிரி வரைஞ்சிடவா?" என்று கேட்டாள்.

டைரக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. சனிக்கிழமை ஹெல்மெட் திறப்பு விழா, ஞாயிற்றுக்கிழமை போட்டி என்றார். புது ஹெல்மெட் வாங்கலாமே என்று அவள் சொன்னதற்கு, ராசியைக் கடையில் விற்கிறார்களா என்று கேட்டார். இதில் லேசான கீறல்தான், மெக்கானிக்கின் மேஜையிலிருந்து உருண்டு விழுந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, ஒரு குடையை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனார்.

அவள் முன்கண்ணாடியைக் கழற்றினாள். விளிம்பு ரப்பரை உரித்தாள். உள்பக்கம் தண்ணீர் போகாமல் டேப் ஒட்டி மூடிவிட்டு, ஈரமான உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தாள். இருபது வருஷத்தில் அந்தக் கைக்கு எத்தனை தலைகள் வந்து போயிருக்கும். பழைய தங்க நிறம் கரைந்து ஓடியது. அடியில் வெள்ளை வந்தது. அதற்கும் அடியில் சாம்பல் பூச்சு வர வேண்டும். இடது காதுக்கு மேலே மட்டும் ரோஸ் நிறத்தில் ஒரு திட்டு எழுந்தது.

கை நின்றது. அவள் எந்த ஹெல்மெட்டிலும் ரோஸ் நிறத்தை அடியில் வைத்ததில்லை. கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். காரின் கதவு ஒடுங்கினால் பூசித் தேய்ப்பார்களே, அந்தப் பட்டி. கெட்டிப்படுத்தும் பசையைக் கலந்தால்தான் அந்த நிறம் வரும். ஹெல்மெட் தொழிலில் பட்டி என்ற பேச்சே கிடையாது. ஒரே ஒரு அடியைத் தான் வாங்கிக்கொண்டு உடைவதற்காகச் செய்த பொருள் ஹெல்மெட். வாங்கிவிட்டால் அதன் வேலை முடிந்தது.

தேய்க்கத் தேய்க்கப் பட்டி உதிர்ந்தது. காதுக்குப் பின்னாலிருந்து உச்சி வரை, ஒரு சாண் நீளத்துக்கு மயிரிழை போல விரிசல். கட்டைவிரலால் அழுத்தினாள். டப்பா மூடி மாதிரி உள்ளே போய், 'டக்'கென்று திரும்பி வந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களைப் பற்றி அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். ஹெல்மெட்டின் மண்டை உடைந்ததைப் பட்டியில் மறைத்து, அதன் மேல் சிங்கம் வரையச் சொன்ன ஆள் தன் வீட்டிலேயே சாப்பிடுகிறார் என்பது இப்போதுதான் தெரிந்தது.

கையைக் கழுவிக்கொண்டு மெக்கானிக்குக்குப் போன் செய்தாள். அவன் மூன்று தடவை இருமினான், ஒரு தடவை கடவுளைக் கூப்பிட்டான், பிறகு உண்மையைக் கக்கினான். செவ்வாய்க்கிழமை பயிற்சியில் தம்பி சுவரில் மோதியிருக்கிறான். வெளியே தூக்கிப் போட்டபோது கண் திறக்கவில்லை. மைதானத்து டாக்டரின் ஆள் ஓடி வந்தபோது டைரக்டர் குடையை விரித்து மறைத்துக்கொண்டு, டிரைவர் தியானத்தில் இருக்கிறார், தொந்தரவு செய்யாதீர்கள் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். பட்டி பூசி, மேலே பழையபடி பெயின்ட் அடிக்கச் சொன்னதும் அவர்தான். கார் பட்டியைத் தவிரத் தன்னிடம் வேறு எதுவும் இல்லை என்று மெக்கானிக் வருத்தப்பட்டான். என்னவோ நல்ல பட்டி இருந்தால் பூசியிருக்கலாம் என்பதுபோல.

அவள் கணவருக்கு ஒரே வரி அனுப்பினாள். ஹெல்மெட்டைப் பார்க்கத் தம்பியையும் கூட்டிக்கொண்டு உடனே வரவும்.

அரை மணியில் வந்தார்கள். டைரக்டர் வாசலிலேயே போனை உயர்த்தி, மெத்தைக் கம்பெனிக்காரருக்கு அனுப்ப, 'கலைஞர் பணியில்' என்று வர்ணனையோடு படம் பிடித்துக்கொண்டே உள்ளே நுழைந்தார். மின்னல் பின்னால் வந்து, பட்டறை விளக்கு கூசுகிறது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஹெல்மெட் இடுக்கியில் இறுக்கியிருந்தது. அவள் மூக்குமூடியும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, அறுக்கும் மெஷினை எடுத்தாள். அடிபட்ட ஹெல்மெட்டை அவளுடைய தொழிலில் யாரும் முழுதாகக் குப்பையில் போடுவதில்லை. எவனாவது பொறுக்கி மாட்டிக்கொள்வான். இரண்டாக அறுத்துத்தான் போடுவார்கள். சக்கரம் கத்தியது. கறுப்புத் தூசி டைரக்டரின் வெள்ளைச் சட்டை முழுக்கப் படிந்தது. வர்ணனை நடுவில் அறுந்தது.

"ஏய், உனக்குப் பைத்தியமா? அது ராசியானது," என்றார்.

அவள் இரண்டு பாதியையும் மேஜையில் போட்டாள். இடது பாதியின் உள்ளே வெள்ளை நுரைத் திண்டு, ஒரு உள்ளங்கை அகலத்துக்கு அப்பளமாக நசுங்கிக் கிடந்தது.

"ரெண்டு பாதி இருக்கு. ஆளுக்கு ஒன்னு மாட்டிக்கிட்டு விழாவுக்குப் போங்க," என்றாள். "உங்க பாதிக்குப் பட்டி நிறையவே பூசிக்கோங்க. உள்ளே ஒன்னும் இல்லாத இடத்துக்கு அதுதான் சரி."

டைரக்டர் மெத்தைக் கம்பெனி, ஒப்பந்தம், குடும்ப மானம் என்று வரிசையாக ஆரம்பித்தார். தம்பியின் எதிர்காலத்துக்காகத்தான் எல்லாம் செய்தாராம். அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"இங்க வாடா," என்று தம்பியைக் கூப்பிட்டாள். "சுவத்துல மோதினேன்னு என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா ஞாயித்துக்கிழமை ஓட்ட விடமாட்டாங்கக்கா. மாமாதான்..." என்று இழுத்தான். பிறகு நெஞ்சை நிமிர்த்தினான். "எனக்கு ஒன்னும் ஆகல. எல்லாமே நல்லா ஞாபகம் இருக்கு. மூணாவது வளைவுல வெளிப்பக்கமா முந்தப் போனேன், சக்கரம் மண்ணுல ஏறிடுச்சு. இறங்கி நானே நடந்து வந்தேன்."

டைரக்டர் பழக்க தோஷத்தில் திருத்தினார்.

"ஏழாவது வளைவுடா. உன்னைத் தூக்கிட்டுதானே வந்தோம்."

சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். மின்னல் அவரையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மூணாவதுதான் மாமா," என்றான், இந்தத் தடவை மெதுவாக. கை தானாக இடது காதுப் பக்கம் போனது.

அவள் அவனைத் தோளில் அழுத்தி நாற்காலியில் உட்காரவைத்தாள். கார்ச் சாவிக்காகக் கணவரிடம் கையை நீட்டினாள்.

"நானே ஓட்டறேன். ஆஸ்பத்திரிக்கு வந்து நடந்தது நடந்தபடி சொல்லுங்க. தியானம்னு ஒரு வார்த்தை வாயிலேர்ந்து வந்துச்சுன்னா, அந்த மெஷின் இன்னும் சூடாத்தான் இருக்கு."