சூடு தெரியாத கை

கேட்டுவிடாதே கண்ணே. நீ கேட்டால் நான் முடியாது என்று சொல்ல வேண்டியிருக்கும்.

எதிரே மகள் குழந்தையின் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். மகளின் பிரசவ விடுப்பு முடியப் போகிறது. எதற்காக வந்திருக்கிறாள் என்று அம்மாவுக்குப் புரியாமல் இல்லை. பின்னந்தலைத் தழும்பை முடி இன்னும் மூடாததால் தலைத்துணியை இழுத்துக் கட்டிக்கொண்டாள்.

அவளுக்குச் சலவை நிலையத்தில் இஸ்திரி போடும் வேலை. ஈர விரலால் பெட்டியைத் தொட்டுச் சூடு பார்ப்பது அங்கே எல்லோருக்கும் பழக்கம். மற்றவர்கள் தொட்ட வேகத்தில் விரலை எடுத்துவிடுவார்கள். இவளுக்கு அவசரமே இருக்காது.

"அக்கா, உனக்கு இருக்கறது கையா, இடுக்கியா?" பக்கத்து மேசை நெட்டை கேலி செய்வாள்.

"இத்தனை வருஷம் பெட்டி பிடிச்ச கைடி. உன்னுது மாதிரி பஞ்சா?"

கொப்புளத்தைக் கண்ணால் கண்ட பிறகுதான் சுட்டதே தெரியும். தொழிலில் காய்த்துப்போன கை என்று பெருமைதான் பட்டாள். இருமினாலும் வாய்விட்டுச் சிரித்தாலும் பிடரியில் வெட்டுவது போல வலிக்கும். குனிந்தே நிற்கும் வேலை, வலிக்காமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டாள்.

அந்தக் கையை நம்பித்தான் பேத்தியின் குளியல் தொட்டியில் துழாவிப் பார்த்தாள். "பதமா இருக்கு" என்று குழந்தையை இறக்கினாள். குழந்தை வீறிட்டது. அதே தண்ணீரில் அவள் கையும்தான் இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை. மகள் ஓடி வந்து வாரி எடுப்பதற்குள் பிஞ்சுப் பாதங்கள் வெந்துவிட்டன.

அதற்குப் பிறகுதான் அவளை மருத்துவரிடம் அழைத்துப் போனார்கள். சிறுமூளையின் அடிப்பகுதி, மண்டையோட்டுத் துவாரம் வழியாகக் கழுத்துக்குள் இறங்கி மூளைநீரின் ஓட்டத்தை அடைத்திருந்தது. தண்டுவடத்துக்குள் நீர் தேங்கி, சூட்டையும் வலியையும் சொல்லும் நரம்புகளை அழுத்திக்கொண்டிருந்தது. பின்மண்டையில் கொஞ்சம் எலும்பை எடுத்து, மூளை உறையைத் திறந்து ஒட்டுப்போட்டு இடம் பண்ணிக் கொடுத்தார்கள். பிறகு எடுத்த ஸ்கேன் படத்தில் நீர் வற்றியிருந்தது. இருமினால் வலிக்கவில்லை.

"இனிமே மோசமாகாதுன்னு நம்பறோம். போன உணர்ச்சி திரும்புமான்னு மட்டும் உறுதியா சொல்ல முடியாதும்மா" என்றார் அறுவை மருத்துவர்.

வீட்டுக்கு வந்து சுடுதண்ணீரிலும் பச்சைத் தண்ணீரிலும் கையை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். இரண்டும் வெறும் தண்ணீராக இருந்தன.

"அம்மா, நான் வேலைக்குப் போகணும்" என்று மகள் இப்போது ஆரம்பித்தே விட்டாள். "நீ வந்து பாப்பாவோட இரேன்."

"நல்ல ஆளாப் பாத்து வச்சுக்கோயேன்."

"நீ இருக்கும்போது வேற ஆளா? குளிப்பாட்ட வேணாம், போதுமா? அவர் காலையிலயே குளிப்பாட்டிட்டுதான் கிளம்புவார். முதல்ல சமைக்கக் கத்துக்கோன்னேன், இதைக் கத்துக்கிட்டார் மனுஷன்."

அம்மா சிரித்தாள். பிடரி வலிக்கவில்லை. அதுவே என்னவோ போலிருந்தது.

"உன்மேல எனக்குக் கோபம்னு நினைக்கிறியாம்மா? நான் அதை மறந்தே போயிட்டேன்."

மறந்துபோனவள், பேச்சோடு பேச்சாகக் குழந்தையின் காலுறையை மேலே இழுத்துவிட்டாள்.

குழந்தை தாவி வந்து பாட்டியின் விரலைப் பற்றிக்கொண்டது. இறுக்கமான பிடி, நன்றாகத் தெரிந்தது. அந்த உள்ளங்கையின் கதகதப்பு மட்டும் வந்து சேரவில்லை. இதற்கு நாளைக்குக் காய்ச்சல் கொதித்தாலும் இப்படித்தானே இருக்கும்?

"நான் வரலைம்மா" என்றாள், விரலை விடுவித்துக்கொள்ளாமலே.